ஊசியைக் கண்டால் உதறல்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஊசிப் பயம் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எல்லாம் மதுரையும் சுற்றுவட்டாரமும்தான். பதில்களுக்கு முன் ஒரு விஷயம். ஊசிப் பயம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினருக்கு நெஞ்சு படபடக்கும், எழுந்து ஓடத் தோன்றும். ஆனால் ஆள் விழமாட்டார். இன்னொரு வகையினருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும், ஆளே சாய்ந்துவிடுவார். முதல் வகைக்கு உடம்பைத் தளர்த்துவதும் மூச்சை மெதுவாக விடுவதும் உதவும். இரண்டாம் வகைக்கு அந்தத் தளர்வே வினையாகும். உங்களுடையது எது என்று பார்த்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி: என் மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் டி.டி. ஊசி போடப்போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. ஐந்து வயதில் ஊசி போட்டபோது நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்துத்தான் போட்டோம். இந்த முறை என்ன செய்வது?
*ஒரு தாய், உசிலம்பட்டி*

பதில்: அவனுக்கு நினைவில் இருப்பது ஊசி அல்ல, அந்த நான்கு பேர்தான். அமுக்கிப் பிடித்துப் போட்டால் அன்றைக்கு வேலை முடிந்துவிடும்; அடுத்த ஊசிக்கு எட்டுப் பேர் தேவைப்படும். ஆகவே இந்த முறை பிடிப்பதற்கு ஆளே வேண்டாம்.

முதலில் வாய்ப்பேச்சைச் சரிசெய்யுங்கள். "சேட்டை பண்ணுனா ஊசி போடச் சொல்லிருவேன்" என்று வீட்டில் யாராவது மிரட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். "வலிக்கவே வலிக்காது" என்பதும் வேண்டாம். வலித்ததும் நீங்கள் பொய்க்காரர் ஆகிவிடுவீர்கள். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று எல்லோரும் சொல்கிறோம். கட்டெறும்பிடம் கடி வாங்கிய பையனிடம் அந்த உவமை எடுபடுமா? நடக்கப்போவதை அப்படியே சொல்லலாம்: "கையில ஒரு அழுத்தம் தெரியும். சுருக்குன்னு இருக்கும். பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும். நாளைக்குக் கை கொஞ்சம் கடுக்கும், ரெண்டு நாள்ல சரியாயிரும்." பத்து வயதுப் பையனுக்கு இதை முந்தின நாள் சொன்னால் போதும். ஒரு வாரம் முன்பே சொன்னால் ஒரு வாரமும் அதையே நினைத்துக்கொண்டிருப்பான். பள்ளி வாசலில் வைத்துச் சொன்னால் ஏமாற்றிவிட்டதாக நினைப்பான்.

உள்ளே போகும் மருந்து அரை மில்லி, அதாவது சுமார் பத்துச் சொட்டு. அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் பயன்படும் ஊசியின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, 0.6 மி.மீ.தான். அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் கோட்டைக் காட்டி, "இதைவிடச் சின்னது" என்று சொல்லுங்கள். பத்து வயதுக்கு அது புரியும்.

ஊசி போடும் நேரத்தில் பார்க்க வேண்டியது கையைத்தான். பயத்தில் தோள் விறைத்திருந்தால் ஊசி இறுகிய தசைக்குள் போகிறது. வலி கூடுகிறது, மறுநாள் கடுப்பும் கூடுகிறது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காரட்டும். ஊசி போடும் கையின் உள்ளங்கையைத் தொடைமேல் வைத்து, முழங்கையை மடக்கி, தோளைத் தொங்கவிடட்டும். சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டால் அது ரப்பர் வளையம் மாதிரி இறுக்கும். அன்றைக்குத் தொளதொளவென்ற சட்டையாகப் போட்டு அனுப்புங்கள். இல்லையென்றால் ஒரு கையை மட்டும் கழற்றிவிடலாம். ஸ்பிரிட் தடவினால் அது காயும்வரை அரை நிமிடம் பொறுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஈரத்தோடு குத்தினால் அந்த ஸ்பிரிட்டே எரியும். அந்த எரிச்சலும் ஊசியின் கணக்கில்தான் சேரும்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இருமல் உத்தி ஒன்று பலன் தருகிறது. செவிலியர் தயாரானதும் ஒத்திகைக்காக ஒரு இருமல். அடுத்த இருமலைக் கொஞ்சம் பலமாக இரும வேண்டும். ஊசி உள்ளே போவது அந்த இருமலில். வீட்டில் நான்கைந்து முறை பேனா மூடியைக் கையில் வைத்து விளையாட்டாகப் பழகிக்கொள்ளலாம். ஊசியைப் பார்ப்பதா, "அங்கிட்டு" திரும்பிக்கொள்வதா என்பதை அவனே முடிவு செய்யட்டும். சில பிள்ளைகளுக்குப் பார்த்தால்தான் தைரியம். அவர்களை வம்பாகத் திருப்பக் கூடாது.

பள்ளி வரிசை ஒரு தனிப் பிரச்சினை. முன்னால் நிற்பவன் அழுதால் பின்னால் பத்துப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு பிள்ளை மயங்கினால் மருந்தில் ஏதோ கோளாறு என்று பேச்சு கிளம்பி, வரிசையாகப் பல பிள்ளைகள் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவதும் உண்டு. ஊசியை ஒட்டி வரும் இந்தப் பதற்றத்துக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தனிக் கையேடு வெளியிட்டது. எனவே வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லி, வரிசையில் அவனை முதல் ஆளாக நிற்கவிடுங்கள். காத்திருக்கும் நேரம்தான் பயத்துக்குத் தீனி. பள்ளியில் ஒத்துவராவிட்டால் புதன்கிழமையில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே கூட்டிப்போகலாம். கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடும் ஊசி இது. பத்து வயதில் ஒன்று, பதினாறில் ஒன்று. இந்த முறை நல்லபடியாக முடிந்தால் பதினாறில் அவன் தனியாகவே போய்விட்டு வருவான்.

கேள்வி: நர்சிங் கல்லூரியில் சேரப்போகிறேன். ஹெபடைடிஸ்-பி ஊசி மூன்று தவணை போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்குப் பயம் என்று பெரிதாக இல்லை. ஆனால் ஊசி போட்டதும் காது அடைத்து, கண் இருட்டி, விழுந்துவிடுகிறேன். அப்பாவுக்கும் இப்படித்தான். "மூச்சை இழுத்து விடு, உடம்பைத் தளர்த்து" என்று சொன்னதையெல்லாம் செய்தும் விழுந்தேன். நான் இந்தப் படிப்புக்கு லாயக்கில்லையா?
*22 வயது வாசகி, திருமங்கலம்*

பதில்: தாராளமாகப் படிக்கலாம். நீங்கள் விழுந்தது தளர்த்தியதற்குப் பிறகும் அல்ல, ஓரளவு தளர்த்தியதால்தான். ஊசியையோ ரத்தத்தையோ கண்டதும் சிலருக்கு முதலில் நாடித்துடிப்பும் பி.பி.யும் ஏறும்; அடுத்த சில நொடிகளில் இரண்டும் தடாலென்று இறங்கும். ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்தம் காலில் தேங்கும். மூளைக்குப் போவது குறைந்ததும் ஆள் சாய்கிறார். மற்ற பயங்களில் பி.பி. ஏறத்தான் செய்யும், இறங்குவது இந்தப் பயத்தின் தனிக் குணம். குடும்பத்தில் ஓடுவதும் உண்டு, உங்கள் அப்பாவைப் போல. மனத் தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதற்குச் செய்ய வேண்டியது தளர்வுக்கு நேர் எதிர்: தசையை இறுக்குவது. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980-களில் வகுத்த முறை இது.

நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு கை முஷ்டி, தொடை, கெண்டைக்கால், பிட்டம், வயிறு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறுக்குங்கள். 10 முதல் 15 நொடி அப்படியே வைத்திருங்கள். முகத்தில் லேசாகச் சூடு ஏறுவது தெரிய வேண்டும். அதுதான் சரியாகச் செய்கிறீர்கள் என்பதற்கு அடையாளம். பிறகு விடுங்கள். விடுவது என்றால் துவண்டுபோவது அல்ல, சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் நிலைக்கு வருவது. 20 முதல் 30 நொடி கழித்து மறுபடி இறுக்குங்கள். இப்படி ஐந்து முறை செய்வது ஒரு சுற்று. ஒரு நாளைக்கு ஐந்து சுற்று, ஒரு வாரம் பழகுங்கள்.

இதில் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: இறுக்கும்போது மூச்சையும் சேர்த்துப் பிடிப்பது. மூச்சு அதுபாட்டுக்குப் போய்வர வேண்டும். தலைவலி வந்தால் இறுக்கம் அதிகம், கொஞ்சம் குறையுங்கள். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

ஊசி போடும் அன்று வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இட்லியோ சோறோ சாப்பிட்டுவிட்டு, ஊசிக்கு 15-30 நிமிடம் முன்பு அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். "எனக்கு மயக்கம் வரும், படுத்துக்கிட்டுப் போட்டுக்கிறேன் சிஸ்டர்" என்று உள்ளே நுழைந்ததும் சொல்லிவிடுங்கள். படுத்தவருக்கு விழ இடமில்லை, அடிபடாது. ஊசி போடும் கையை மட்டும் தளரவிட்டு, மற்ற கையையும் இரண்டு கால்களையும் வயிற்றையும் இறுக்குங்கள். ஸ்பிரிட் பஞ்சை எடுக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். கண் இருட்டிய பிறகு தொடங்கினால் பாதிப் பலன்தான். கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, குமட்டல், காது அடைப்பது எல்லாம் முன்னறிவிப்பு. முடிந்ததும் 15 நிமிடம் படுத்தே இருங்கள். பிறகு காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். வண்டியை நீங்கள் ஓட்டிப்போக வேண்டாம்.

கூட வருபவருக்கு: மயங்கினால் தூக்கி உட்கார வைக்காதீர்கள், அதுதான் பெரிய தப்பு. படுக்க வைத்துக் காலை ஓர் அடி உயர்த்தினால் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். மயக்கத்தில் கை கால் சில நொடி வெட்டி இழுக்கலாம். வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வேண்டாம். முழுசாகத் தெளியும்முன் வாயில் சோடா ஊற்றவும் வேண்டாம், புரையேறும். ஆனால் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு அல்லது முகம் வீக்கம், மூச்சில் வீசிங், நாடி வேகமாக ஓடுவது என்று இருந்தால் அது மயக்கம் அல்ல, ஒவ்வாமை. உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். அதற்கு அட்ரினலின் போட வேண்டும். ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்காரச் சொல்வது இதற்காகத்தான்.

ஹெபடைடிஸ்-பி தவணை 0, 1, 6 மாதம். முதல் ஊசியில் இந்த முறை கைவந்துவிட்டால் ஆறாம் மாதத்துக்குள், ஊசி போடும் இடத்தில் நீங்களே அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பீர்கள்.

கேள்வி: வாடிவாசலில் மாடு பிடிக்கிறவன் நான். கொம்பு கிழித்தால்கூட அசரமாட்டேன். அதற்கு டி.டி. ஊசி போட வந்தால் தலை சுற்றுகிறது. ஊரே கிண்டல் பண்ணுது. ஒரு கட்டிங் போட்டுட்டுப் போனா தெரியாதுன்னு கூட்டாளி சொல்றான். போலாமா?
*அலங்காநல்லூர்*

பதில்: போகக் கூடாது. சாராயம் ரத்தக்குழாயை இன்னும் விரிக்கும், உடம்பின் நீரை வற்றவைக்கும், சீக்கிரம் விழுவீர்கள். கிண்டலுக்குப் பதில்: திமிலைப் பிடித்துத் தொங்கும்போது உங்கள் உடம்பில் இறுகாத தசை எது? அப்போது பி.பி. எப்படி இறங்கும்? ஊசிக்கு உட்காரும்போது எல்லாம் சும்மா இருக்கிறது. மேலே திருமங்கலத்துக்காரருக்குச் சொன்னதைப் படித்துவிட்டு, ஊசி போடும் கை தவிர மற்றதெல்லாம் மாட்டைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். காயத்துக்கான ஊசியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று கேள்விப்பட்டு, எங்கள் தெருவில் ஒருவர் கடிபட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் எத்தனை ஊசி?
*மேலூர்*

பதில்: அவரை இன்றே கூட்டிப்போங்கள். கடிபட்டு நாளாகிவிட்டாலும் போக வேண்டும். வெறிநோய் வந்த பிறகு வைத்தியம் கிடையாது.

தொப்புள் ஊசி பழைய கதை. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து அது. ஒவ்வொரு நாளும் மில்லிக் கணக்கில் போட வேண்டியிருந்ததால், இடம் தாராளமாக இருக்கும் வயிற்றில் போட்டார்கள். நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் அதைத் தயாரித்தார்கள். 2004 இறுதியோடு நாடு முழுக்க அது நிறுத்தப்பட்டுவிட்டது. ஊசி போய் இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பயம் மட்டும் போகவில்லை.

இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறை: 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு கைகளிலும் 0.1 மி.லி. வீதம். எண்ணிக்கையில் எட்டு, போய்வருவது நான்கு முறை. தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28 என ஐந்து முறை, ஒவ்வொன்று. தோலில் போடும்போது கொசுக்கடி போல ஒரு சின்ன மேடு எழும்பி அமுங்கும். அப்படி எழும்பினால்தான் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கடி ஆழமாக இருந்து ரத்தம் வந்திருந்தால், காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரதம் ஒன்றையும் ஊசியால் செலுத்துவார்கள். அது வலிக்கத்தான் செய்யும், மறைப்பதற்கில்லை. ஆனால் அது ஒரே தடவைதான், அதையும் தவிர்க்கக் கூடாது. கடித்த உடனே செய்ய வேண்டியது ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். இரண்டு ஊசியோடு "தெம்பா இருக்கேன்" என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் கவலை தருகிறார்கள்.

கேள்வி: குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி. ஒரே நாளில் மூன்று ஊசி என்கிறார்கள். பால் கொடுத்துக்கொண்டே போட்டுக்கொள்ளலாமா? புரையேறிவிடும் என்று மாமியார் சொல்கிறார்.
*வாடிப்பட்டி*

பதில்: கொடுக்கலாம். வலியைக் குறைக்க உலக சுகாதார நிறுவனமே 2015-இல் பரிந்துரைத்தது அது. முதலில் வாய்வழிச் சொட்டுகளை (ரோட்டா, போலியோ) முடித்துவிடுங்கள். பிறகு மார்பில் நன்றாகக் கவ்விக் குடிக்கத் தொடங்கியதும் ஊசி. போட்டு முடித்தும் சில நிமிடம் குடிக்கட்டும். வழக்கமாக இரண்டு தொடையிலும் ஒவ்வொன்று, வலது மேற்கையில் தோலுக்குள் ஒன்று. தொடை முழுக்கத் தெரிகிற மாதிரி துணியை முன்பே கழற்றிவையுங்கள். போட்ட இடத்தைத் தேய்க்கவோ எண்ணெய் தடவவோ கூடாது. காய்ச்சல் வந்துவிடுமோ என்று முன்கூட்டியே மருந்து கொடுக்கவும் வேண்டாம்.

கொஞ்சம் வளர்ந்த குழந்தையைப் படுக்க வைத்து அமுக்குவதைவிட, காதுகுத்தில் தாய்மாமன் மடியில் வைத்துக்கொள்வாரே, அப்படி நிமிர்த்தி அணைத்துக்கொள்வதுதான் நல்லது. உங்களுக்கே ஊசியைப் பார்த்தால் நடுக்கம் என்றால் மடி வேறு யாருடையதாகவாவது இருக்கட்டும். உங்கள் கை இறுகுவது பிள்ளைக்குத் தெரியும்.

கேள்வி: மரத்துப்போகும் கிரீம் தடவிக்கொண்டு போனால் வலிக்காதாமே?
*கோரிப்பாளையம்*

பதில்: லிக்னோகெயின், பிரிலோகெயின் இரண்டும் கலந்த கிரீம் அது. தேய்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் போனால் பலனில்லை. ஊசி போடும் இடத்தில் கனமாக வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒரு மணி நேரம் விட வேண்டும். எந்தக் கை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மரத்துப்போவது தோல்தான், குத்துவது தெரியாது, மருந்து தசைக்குள் இறங்கும் கனம் தெரியும். காயத்தின் மேலும் பி.சி.ஜி. ஊசிக்கும் வேண்டாம். கைக்குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் தடவக் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை ஒரு நிமிடம் வைப்பதும் ஓரளவு உதவும், செலவும் இல்லை.

கேள்வி: என் மனைவி மூன்று மாதக் கர்ப்பம். ஊசி, ரத்தப் பரிசோதனை என்றாலே ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிவிடுகிறார். மயக்கம் எல்லாம் இல்லை, அழுகையும் நடுக்கமும்தான். திட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன்.
*சோழவந்தான்*

பதில்: இரண்டையும் விட்டுவிட்டுப் படிப்படியாகப் பழக்குங்கள். ஒவ்வொரு தடவை வாசலோடு திரும்பும்போதும் "தப்பிச்சோம்டா" என்று ஒரு நிம்மதி வருகிறதே, அந்த நிம்மதிதான் பயத்தை வளர்க்கிறது. பயம் உச்சத்தில் இருக்கும்போது விலகாமல், அது பாதியாகக் குறையும்வரை அங்கேயே இருந்தால் அடுத்த முறை அது தணிந்தே தொடங்கும்.

பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று அவரையே போடச் சொல்லுங்கள். முதல் படி, காகிதத்தில் சிரிஞ்ச் படம் ஒன்று, பார்த்துக்கொண்டே இருக்கட்டும். அடுத்தது போனில் ஊசி போடும் வீடியோ. பிறகு மருந்துக்கடையில் 2 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கி, ஊசியை மூடியோடு கழற்றிக் கடையிலேயே கொடுத்துவிட்டு, வெறும் சிரிஞ்சை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதில் தண்ணீர் இழுத்துச் செடிக்குப் பீய்ச்சட்டும். அதன் முனையைத் தன் மேற்கையில் தானே அழுத்திப் பார்க்கட்டும். பிறகு சுகாதார நிலையத்துக்குப் போய், ஊசி எதுவும் இல்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அதற்கடுத்த முறை மற்றவர் போட்டுக்கொள்வதைப் பார்க்கட்டும். ஒரு படியில் மார்க் எட்டிலிருந்து நான்குக்கு வர அரை மணி, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். இறங்காமல் அடுத்த படிக்குத் தாவ வேண்டாம். அவசரப்பட்டு நீங்கள் ஒரு படியைத் தாண்ட வைத்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

அவருக்கு மயக்கம் வருவதில்லை என்பதால் மெதுவான மூச்சு உதவும்: நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட வேண்டும். ஊசியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி போட்டுக்கொள்ளலாம். இரண்டு வாரத்தில் இந்தப் படிகளை முடிக்கப் பாருங்கள். கர்ப்பத்தில் டி.டி. முதல் ஊசியும், நான்கு வாரம் கழித்து இரண்டாவதும் போட வேண்டும். முந்தைய பிரசவத்தில் போட்டு மூன்று வருடத்துக்குள் என்றால் ஒன்று போதும். பாதிப் படியிலேயே நின்றுவிட்டால் மதுரை பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள். அதற்கு முன் யோசனை கேட்க 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. போகும்போது அவருக்கு மயக்கம் வருவதில்லை என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.